பழைய ஊர் விளையாட்டுத் திடலைப் புதுப்பிக்க ஒரு முழு வழிகாட்டி: தண்ணீரில் தொடங்கி தரையில் முடியுங்கள்

செட்டிநாட்டு ஊர்களில் இந்தத் திடலைப் பார்க்காதவர்கள் குறைவு. பொட்டலில் ஒரு வாலிபால் கோர்ட், ஓரத்துக் கொட்டகைக்குள் ஒரு ஷட்டில் கோர்ட், கபடிக்கென்று கொத்திப்போட்ட மண் தரை, மூன்று நான்கு படியில் ஒரு கேலரி, கேரம் போர்டும் பழைய சுழற்கோப்பைகளும் கிடக்கிற ஓட்டுக் கட்டடம். எப்போதோ ஒரு குடும்பம் இடம் கொடுத்திருக்கும், ஊர் சேர்ந்து கட்டியிருக்கும். நாற்பது ஐம்பது வருடத்தில் கம்பி துருத்தி, தகரம் பொத்தலாகி நிற்கும்.

பொங்கல் விளையாட்டு விழா நெருங்கும்போது பணம் திரளும். மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்களும் அனுப்புவார்கள். உடனே எல்லோர் மனதிலும் வருவது டிவியில் பார்த்த நீல நிறத் தரைதான். தையில் திறப்பு விழா நடக்கும். ஐப்பசி அடைமழையில் அதே தரை கொப்புளம் கட்டி உரியும். பெயின்ட் மட்டம் என்று கான்ட்ராக்டரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் பெயின்டில் குறை இருக்காது, வேலையின் வரிசையில்தான் இருக்கும். சரியான வரிசை இதுதான்: வடிகால், கட்டடமும் கூரையும், மின்சாரம், கடைசியில் தரை. கையில் இருக்கும் பணம் பாதி வேலைக்குத்தான் வரும் என்றால், முதல் பாதியைச் செய்துவிட்டு மண் தரையிலேயே ஒரு வருடம் ஆடுங்கள்.

கடப்பாரை எடுப்பதற்கு முன்

இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் பாருங்கள். பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுத்து, சர்வேயரை வைத்து நான்கு மூலையிலும் கல் ஊன்றிக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. வாய்வார்த்தையாகக் கொடுத்த இடங்கள் இங்கே நிறைய. கொடுத்தவருக்குப் பிறகு பங்காளிகள் பத்து ஊரில் இருப்பார்கள், புதுக் கட்டடம் எழும்போதுதான் ஒருவருக்கு ஞாபகம் வரும். சிலசமயம் திடலில் பாதி ஊருணிப் புறம்போக்காகவோ கோயில் நிலமாகவோ இருக்கும். அங்கே நிரந்தரக் கட்டுமானம் எழுப்பினால் பின்னால் இடிக்க வேண்டிவரும்.

அரசுப் பணம் வேண்டுமென்றாலும் இதே கேள்விதான் முதலில் வரும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காகப் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும். எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதிக்கும் இடத்தின் தன்மையைத்தான் முதலில் கேட்பார்கள். மன்றம் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகி, ஆண்டறிக்கை விடாமல் தாக்கலாகியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது மட்டம் பார்ப்பது. திடலை 3 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ஆணி அடித்து, தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தால் உயரம் குறியுங்கள். வாலிபால் கோர்ட்டும் சுற்று இடமும் சேர்த்து 24 மீட்டருக்கு 15 மீட்டர் என்றால் 54 புள்ளி. இரண்டு பேர் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். டியூபுக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் கணக்கு அத்தனையும் தப்பாகும். தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்துகொண்டால் குமிழ் கண்ணில் படும்.

பிறகு ஒரு நல்ல மழைக்குக் காத்திருங்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போய், தேங்கிய இடங்களைச் சுற்றி கோலப்பொடியால் கோடு போட்டு, மொட்டை மாடியில் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எந்த என்ஜினீயர் வந்தாலும் முதலில் அந்தப் போட்டோவைக் காட்டுங்கள்.

தண்ணீர் எங்கே போகும்?

ஒரு கணக்கு. ஐப்பசியில் ஒரே ராத்திரியில் 5 செ.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கர் பொட்டலில் விழுவது 2 லட்சம் லிட்டர். இந்த வட்டாரத்தில் பல இடங்களில் இரண்டடி செம்மண்ணுக்குக் கீழே செம்புறாங்கல் இறுகிக் கிடக்கிறது. தண்ணீர் அதற்குள் சட்டென்று இறங்காது. மேல்மண் ஊறி, பக்கவாட்டில் நகர்ந்து, உங்கள் கான்கிரீட்டின் அடிவயிற்றில் போய் நிற்கும். வெயில் வந்ததும் ஆவியாக மேலே கிளம்பும். பெயின்டில் கொப்புளம் வருவது இப்படித்தான்.

இந்த ஊர்களைக் கட்டியவர்களுக்கு இது தெரியும். கூரைத் தண்ணீர் முற்றத்துக்கும், முற்றத்துத் தண்ணீர் தெருவுக்கும், தெருத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஊருணிக்கும் போகும்படி மட்டம் வைத்தார்கள். உங்கள் திடலைத் தொட்டு அப்படி ஒரு பழைய வரத்துக்கால் போயிருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சுற்றுச்சுவர் கட்டியபோது அடைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடித்துத் திறப்பது, புதிதாக ஒன்று வெட்டுவதைவிட மலிவு.

திடலைச் சுற்றி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் கால்வாய் எடுங்கள். 100 அடி ஓட்டத்துக்கு 6 அங்குலம் சரிவு. இதற்குக் குறைந்தால் மண் படிந்து ஒரே பருவத்தில் மூடிவிடும். ஆட்டக்காரர் ஓடிவந்து விழக்கூடிய பக்கங்களில் மேலே கிராதி அவசியம். கால்வாய் ஊருணியில் சேரும் முன் மூன்றடிக்கு மூன்றடியில் ஒரு வண்டல் குழி வையுங்கள். குழியின் தரை கால்வாய்த் தரையைவிட ஓரடி கீழே இருக்கட்டும், மண் அங்கேயே தங்கிவிடும், ஊருணிக்குத் தெளிந்த தண்ணீர்தான் போகும். கழிப்பறைத் தண்ணீரும் கை கழுவும் தண்ணீரும் எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் கால்வாயில் சேரக்கூடாது. சேர்ந்தால் ஊரே சண்டைக்கு வரும், அது நியாயமும்கூட.

கேலரி: கம்பி துருத்தினால்

பழைய கேலரிகளில் படியின் அடிப்பக்கம் செதில் செதிலாக விழுந்து கம்பி தெரியும். கொத்தனார் உடனே கலவை குழைத்து அப்பிவிடுவார். இரண்டாவது வருடம் அந்த ஒட்டு முழுசாக, பலகை மாதிரி, கீழே விழும். கீழே யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏன் விழுகிறது? நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அதற்குள் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. வருடக்கணக்கில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே இறங்கி அந்தக் காரத்தை முறிக்கிறது. அதற்குப் பிறகு ஈரம் பட்டாலே துருதான். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. மேலே எதை அப்பினாலும் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று பார்க்க இரண்டு சோதனை. ஒன்று, அரைக் கிலோ சுத்தியலால் ஒவ்வொரு அடிக்கும் தட்டுவது. ‘டங்’ என்றால் சரி, ‘தொப்’ என்று பொத்தலாகக் கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது, சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இரண்டு, பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் பினாப்தலீன் கரைசல். ஒரு மூலையைப் புதிதாக உடைத்து, தூசியைத் தட்டிவிட்டுத் தெளியுங்கள். ரோஸ் நிறம் வந்த இடத்தில் காரம் இன்னும் இருக்கிறது. நிறம் மாறாத பகுதி கம்பியைத் தாண்டிப் போயிருந்தால், இன்னும் வெடிக்காத இடங்களிலும் துரு தொடங்கியிருக்கும் அல்லது தொடங்கப்போகிறது.

செய்யும் முறை இது. வட்டம் போட்ட இடத்தைக் கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. இடைவெளி வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும், விரல் உள்ளே போய்க் கம்பியைச் சுற்றிவர வேண்டும். முன்பக்கம் மட்டும் கொத்திவிட்டுப் பூசுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கம்பியை ஒயர் பிரஷால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். கால் பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி வைத்துக் கட்டுங்கள். அன்றைக்கே துத்தநாக பிரைமர் அடித்துவிட வேண்டும், ராத்திரி பனியில் விட்டால் காலையில் மறுபடி செம்பட்டை ஏறிவிடும். பிறகு பழைய கான்கிரீட்டில் ஒட்டுப்பசை தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பாலிமர் கலந்த கலவையைப் பூச வேண்டும். ஒரு பூச்சுக்கு முக்கால் அங்குலம் போதும், மொத்தமாக அப்பினால் சொந்தக் கனத்திலேயே தொங்கிப் பிரியும்.

துருவைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கு நாட்டிலேயே பெயர்பெற்ற இடம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் சேர்ந்து 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊர் வழக்கில் சிக்ரி. கம்பிக்கு சிமெண்ட்டும் பாலிமரும் சேர்த்துப் பூசும் முறை ஒன்று அங்கே உருவானது. புதிதாகக் கம்பி கட்டும் வேலை இருந்தால் அந்தப் பூச்சைப் பற்றி உங்கள் என்ஜினீயரிடம் கேளுங்கள்.

தண்ணீர் விஷயம் இங்கேயும் உண்டு. கம்பி இருக்கும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரக் கணக்கு. திடலில் இருக்கும் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தால் அதைக் கலவைக்கும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம்.

கொட்டகை

பழைய கொட்டகைகளின் கூரை பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதை இறக்குவது சாதாரண வேலை இல்லை. உடைந்தால் பறக்கும் நார்த்தூசி நுரையீரலில் தங்கிவிடும். முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். போல்ட்டை அறுத்து ஷீட்டை முழுசாகக் கயிற்றில் இறக்க வேண்டும், மேலிருந்து தள்ளிவிடக்கூடாது. வேலை செய்பவர்களுக்குத் துணியும் போதாது, என்95 மாஸ்கும் போதாது, பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்தால் ஆள் விழுவார், சட்டத்தின் மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். இறக்கிய ஷீட்டை மாட்டுக்கொட்டகைக்கு யாராவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

கூரை இல்லாமல் நிற்கும் அந்த ஒரு வாரம்தான் சட்டத்தைப் பார்க்க நல்ல சமயம். தூணின் அடித்தகடு மண்ணில் புதைந்திருக்கும். தோண்டிப் பாருங்கள், மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே விரலால் குத்தினால் உள்ளே போகும். தேய்ந்த துண்டை அறுத்து எடுத்துவிட்டுப் புது இரும்பு பற்றவைத்து, தூணைச் சுற்றி தரைக்கு மேல் 6 அங்குலம் கான்கிரீட் திட்டு கட்டி, மேல்பக்கம் வெளிநோக்கிச் சரிவு கொடுங்கள்.

புது ஷீட் 0.5 மி.மீ. நிறப்பூச்சு கால்வால்யூம், அதாவது அலுமினியமும் துத்தநாகமும் சேர்த்துப் பூசிய இரும்புத் தகடு. மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் 6 அங்குலமாவது ஏற வேண்டும். திருகாணியை அலையின் மேட்டில் போடச் சொல்லுங்கள், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை. ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் இரண்டு வெயிலில் வெடித்துவிடும், லேசாகத் தட்டையானால் போதும். 2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் எத்தனை கூரையைத் தூக்கியது என்று நினைவிருக்கும். காற்று கூரையை அழுத்துவதைவிட உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம், அதுவும் ஓரத்திலும் முகட்டிலும்தான். அந்த இரண்டு இடத்திலும் திருகாணிகளை நெருக்கமாகப் போடுங்கள்.

60 அடிக்கு 40 அடி கொட்டகை என்றால் 1 செ.மீ. மழைக்கே 2,200 லிட்டர் கொட்டும். இரண்டு பக்கமும் கூரை ஓரத்தில் தகர வடிகால் வைத்து, பக்கத்துக்கு மூன்று 4 அங்குலக் குழாய் இறக்கி, ஒரு தொட்டியில் சேருங்கள். மண் தரைக்குத் தண்ணீர் தெளிக்க அது ஆகும்.

ஷட்டில் கோர்ட் 13.40 மீட்டருக்கு 6.10 மீட்டர். பின்னால் இரண்டு மீட்டரும் பக்கத்தில் ஒன்றரை மீட்டரும் இடம் விடுங்கள். போட்டி நடத்த வேண்டுமென்றால் கோர்ட் முழுக்கத் தரையிலிருந்து 9 மீட்டர் உயரம் தடையில்லாமல் வேண்டும். பழைய கொட்டகைகள் பெரும்பாலும் ஆறு மீட்டர்தான். அதற்காகத் தூணை உயர்த்தப் போகாதீர்கள், பயிற்சிக் கோர்ட்டாகவே இருக்கட்டும், அந்தப் பணத்தில் வேறு எவ்வளவோ செய்யலாம். வெளிச்சத்துக்காகக் கோர்ட்டுக்கு நேர் மேலே கண்ணாடி ஷீட் போடுவது பெரிய தப்பு, மேலே பார்த்து அடிப்பவருக்குக் கண் கூசும். பின்சுவர்களுக்கு வெள்ளை அடித்தால் வெள்ளை இறகு அதில் கரைந்துவிடும். கரும்பச்சையோ அடர்நீலமோ அடியுங்கள். தென்மேற்குப் பக்கம் பலகைச் சரிவு வைத்த காற்றுப்போக்கி போதும், அங்கே திறந்தவெளியாக விட்டால் ஆடிக்காற்றில் யாரும் சர்வீஸ் போட முடியாது.

ஓட்டுக் கட்டடமும் கழிப்பறையும்

பழைய கட்டடம் சுண்ணாம்புச் சுவராக இருந்தால் சிமெண்ட் பூச்சைக் கிட்டே சேர்க்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, பூச்சோடு சேர்த்துச் செங்கலையும் அரித்துக்கொண்டு விழும். நீற்றி இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறல் கொஞ்சம், ஒட்டுப்போட இது போதும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கண்ணாடிப் பூச்சு அழகுதான், கேரம் அறைக்கு அவ்வளவு தேவையில்லை.

தாழ்வாரத்துக்கு ஆத்தங்குடி கல் நன்றாக இருக்கும். ஆனால் அது சிமெண்ட் கல். கழிப்பறை கழுவும் ஆசிட் ஒரு தடவை பட்டால் நிறம் செத்துவிடும். ஈரமும் சோப்பும் சேர்ந்தால் வழுக்கவும் செய்யும், எனவே குளியல் பக்கத்துக்கு வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விளையாட வருவதில்லை என்று பல மன்றங்களில் அங்கலாய்ப்பார்கள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற, தண்ணீர் வருகிற, தனி வாசல் உள்ள கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீலத் தரைக்கு முன்னால் இதற்குப் பணம் ஒதுக்குங்கள். சக்கர நாற்காலி போக வாசல் 3 அடி அகலம், சாய்தளம் ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடி தள்ளி இருக்க வேண்டும்.

விளக்கு

எத்தனை விளக்கு என்று கடைக்காரரைக் கேட்காமல் நீங்களே கணக்குப் போடலாம். ஊர் அளவில் வாலிபாலுக்கு 200 லக்ஸ் வெளிச்சம் போதும். லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு, ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். 360 சதுர மீட்டரை 200-ஆல் பெருக்கினால் 72,000 லூமன். விளக்கிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தில் பாதிதான் கோர்ட்டில் விழும், தூசியிலும் வயதிலும் இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே 72,000-ஐ 0.4-ஆல் வகுத்தால் 1,80,000 லூமன். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 110 லூமனுக்கு மேல் கொடுக்கும். அதாவது 1,600 வாட், எட்டு 200 வாட் விளக்கு. நான்கு கம்பம், ஒன்றில் இரண்டு. வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பெட்டியில் லூமன் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பம் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். எல்லைக்கோட்டுக்குப் பின்னால் வைத்தால் சர்வீஸ் எடுப்பவரின் கண்ணில் நேராக அடிக்கும். 9 மீட்டர் கம்பமானால் ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள். கேபிள் கவச உறை உள்ளதாக இருக்கட்டும், இரண்டரை அடி ஆழத்தில், மேலும் கீழும் மணல் போட்டு, அதன்மேல் செங்கல் வரிசை அடுக்கி மூடுங்கள். நாளைக்கு ஒருவர் பந்தக்கால் தோண்டும்போது கடப்பாரை முதலில் செங்கலில் இடிக்கும்.

எர்த் விஷயத்தில் இந்த மண் ஏமாற்றும். காய்ந்த செம்மண்ணும் செம்புறாங்கல்லும் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மழைக்காலத்தில் அளந்தபோது சரியாக இருந்த எர்த் சித்திரையில் கைவிட்டுவிடும். எட்டடி ஜி.ஐ. குழாய் இறக்கி, மேலே தண்ணீர் ஊற்றும் புனல் வைத்து, பங்குனி, சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் ஊற்றுங்கள். அளவு 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை சித்திரையிலேயே அளக்கச் சொல்லுங்கள், கார்த்திகையில் அளந்து பயனில்லை. மின்கசிவு வந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர் அளவில், கட்டாயம். அதிலிருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அன்று இரவு ஆட்டம் கிடையாது.

தரை, கடைசியாக

கபடிக்கு மண்தான். ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10, பெண்களுக்கு 12-க்கு 8. சுற்றிலும் 2 மீட்டர் சேர்த்தால் 17-க்கு 14. அரையடி கொத்தி எடுத்து, சலித்த செம்மண் இரண்டு பங்கு, மெல்லிய மணல் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். அமுங்குவதையும் சேர்த்து 16 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) பிடிக்கும். எம்-சாண்ட் போடவே கூடாது, உடைத்த கல்லின் கூர்முனை முழங்காலைச் சிராய்த்து எடுத்துவிடும். கலவை சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடியை நனைத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். மூன்று நான்கு துண்டாக உடைந்தால் சரி. உடையாமல் சப்பையானால் களி அதிகம், மழையில் வழுக்கும். தூளாகச் சிதறினால் மணல் அதிகம், ஓடும்போது கால் புதையும். கோட்டுக்கு நீற்றாத சுண்ணாம்பு போட்டு ஒரு பையனின் கண் போனால் யார் பதில் சொல்வது? கோலப்பொடி, அல்லது ஆணி தெரியாமல் புதைத்த நாடா.

வாலிபால் கோர்ட்டை கான்கிரீட் போட்டு அக்ரிலிக், அதாவது அந்த நீலத் தரைப் பெயின்ட், அடிப்பதென்று முடிவானால், முதலில் வலைக்கம்பத்தின் குழியை முடியுங்கள். தளம் போட்டபிறகு அதை வெட்டுவது பாவம். இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழம். நடுவில் 4 அங்குலக் குழாயை உறையாகப் புதைத்து, அதற்குள் 3 அங்குல ஜி.ஐ. கம்பம் நிற்கும். உறைக்குழாயின் அடியை மூடாமல், கீழே ஓரடி 40 மி.மீ. ஜல்லி போடுங்கள். அடி மூடியிருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே நின்று, கம்பமும் உறையும் துருவேறி ஒன்றாகிவிடும், பிறகு யானை வந்தாலும் பிடுங்க முடியாது. கம்பம் பக்கக்கோட்டிலிருந்து அரை மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் நடுவில். வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24.

தளத்தின் அடுக்கு: மேல்மண்ணை வேரோடு எடுத்துவிட்டு, கிராவல் 150 மி.மீ. இரண்டு தடவையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் நனைத்து ரோலர் ஓட்டுங்கள். 360 சதுர மீட்டருக்கு 25 யூனிட் ஆகும். மேலே 250 மைக்ரான் பாலித்தீன் தாள், ஒட்டுமிடத்தில் ஓரடி ஏற்றி. நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதாக நினைத்து விட்டுவிடுவது இந்தத் தாளைத்தான். கீழிருந்து வரும் ஆவியைத் தடுப்பது அது ஒன்றே. அதன்மேல் எம்-25 தரத்துக் கான்கிரீட் 125 மி.மீ., மொத்தம் 45 கன மீட்டர். ரெடிமிக்ஸ் லாரி ஆறு கன மீட்டர் கொண்டுவந்தால் எட்டு நடை.

சரிவு ஒரே பக்கமாக இருக்க வேண்டும், மீட்டருக்கு 5 மி.மீ., அதற்கு மேல் வாலிபால் விதி இடம் கொடுக்காது. 15 மீட்டர் அகலத்துக்கு மொத்தம் 7.5 செ.மீ. இறக்கம். நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் சரிப்பது வேண்டாம். இவ்வளவு சின்னச் சரிவில் கொத்தனாரின் மட்டப்பலகைதான் எல்லாம்: 3 மீட்டர் பலகையை வைத்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக்கூடாது. மேற்பரப்பை மிஷினால் கண்ணாடியாகத் தேய்க்கவும் கூடாது, துடைப்பம் இழுத்த சொரசொரப்பு இருந்தால்தான் பெயின்ட் பிடிக்கும்.

கான்கிரீட் எப்படியும் வெடிக்கும். எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். நீளத்தை ஆறாகவும் அகலத்தை நான்காகவும் பிரித்தால் 4 மீட்டருக்கு 3.75 மீட்டர் கட்டம் வரும், ஒரு வெட்டு நேராக வலைக்குக் கீழே விழும். கான்கிரீட் போட்ட அன்று இரவோ மறுநாள் விடியலுக்குள்ளோ 32 மி.மீ. ஆழத்துக்கு மிஷினால் வெட்டிவிடுங்கள். நாளைக்கு வருகிறேன் என்று மிஷின்காரர் சொன்னால், அந்த நாளைக்குள் அது தன் இஷ்டத்துக்கு வெடித்திருக்கும்.

இங்கே கிடைப்பது பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். நம் வெயிலுக்கு அதை 14 நாள் நனைக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது நல்லது, சாக்கு நனைப்பது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மொத்தம் 28 நாள் கழிந்தபிறகு ஒன்றரையடிச் சதுரத்தில் பாலித்தீன் துண்டை நாலாபக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். காய்ந்திருந்தால் கோர்ட் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசைக் கிடத்தினால் மூழ்கும் அளவுக்கு எங்கே தேங்குகிறதோ அங்கே ஒட்டு போட்டு நிரப்ப வேண்டும்.

அதன்பிறகுதான் பெயின்ட். ஆசிட் கழுவும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. நன்றாக அலசிக் காயவிட்டு, பிரைமர், சிலிக்கா மணல் கலந்த அடிப்பூச்சு இரண்டு, நிறப்பூச்சு இரண்டு, கோடு 5 செ.மீ. மாசி, பங்குனியில் விடியற்காலை தொடங்கி பத்து மணிக்குள் நிறுத்திவிடுங்கள். சுடுகிற தரையில் போட்டால் இழுப்பதற்குள் காய்ந்து, பெயின்ட் இழுக்கும் கட்டையின் அடையாளம் நிற்கும். மார்கழியில் பனி ஈரம், பெயின்ட் சரியாகப் பிடிக்காது. பொங்கலுக்குத் தரை தயாராக வேண்டும் என்பவர்களுக்கு ஒரே வழி, முந்தைய பங்குனியில் முடித்துவிடுவது.

விசேஷ வீட்டார்

செட்டிநாட்டில் ஊர்த் திடல் என்றால் கல்யாணப் பந்தலும் அன்னதானமும் அங்கேதான். வேண்டாமென்று போர்டு மாட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. தளம் போடும்போதே அதற்கு வழி செய்யுங்கள். தளத்தின் விளிம்புக்கு வெளியே பத்தடிக்கு ஒன்றாக இரண்டரை அங்குலக் குழாயை இரண்டடி ஆழத்துக்குக் கான்கிரீட்டில் புதைத்து மூடி போட்டு வையுங்கள், பந்தல்காரர் சவுக்குக் கம்பை அதில் இறக்கிக்கொள்வார், தளத்தில் கடப்பாரை விழாது. சமையலுக்குக் காற்று வரும் பக்கமாக இல்லாமல் அது போகும் பக்கமாக, கால்வாயைத் தாண்டி, மண் தரையில் ஓர் இடமும் ஒரு தண்ணீர்க் குழாயும் கொடுங்கள். கோட்டை அடுப்பு கான்கிரீட்டில் மூட்டினால் சூட்டில் மேல்தோல் வெடித்துத் தெறிக்கும், எண்ணெய் சிந்திய அக்ரிலிக்கில் அடுத்த பூச்சு ஒட்டாது. இரும்புக்கால் நாற்காலியும் மேசையும் தளத்தில் வருவதென்றால் கீழே சணல் விரிப்பு போட வேண்டும் என்பதை வாடகைச் சீட்டிலேயே அச்சிட்டு, முன்பணத்தை விளக்கும் தரையும் பார்த்தபிறகே திருப்பிக் கொடுங்கள். புரட்டாசி முதல் வாரத்துக்குப் பந்தல் பதிவு எதுவும் ஏற்காதீர்கள். கால்வாயும் வண்டல் குழியும் தூர்வார அந்த ஒரு வாரம் வேண்டும்.